52,300 ரூபாய் பிரீமியம்: கட்டுவதா, விடுவதா?

மண்டபத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்யும் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் ஐந்து பேர். அவருக்கு 44 வயது, மனைவிக்கு 39, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள தாயாருக்கு 66. 2019 மே மாதத்திலிருந்து ஐவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு ஒரே தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி. சென்ற ஆண்டு கட்டியது 42,480 ரூபாய். வரும் மே 20-க்குள் புதுப்பிக்கக் கேட்டிருப்பது 52,300 ரூபாய். "ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்கள் என்றார்கள், பிறகும் ஏன் கூடுகிறது? மனைவியின் பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சைக்குப் போன வருடம் கிளெய்ம் வாங்கியதற்குத் தண்டனையா? பேசாமல் பாலிசியை விட்டுவிட்டு அந்தப் பணத்தை வங்கியில் போட்டு வைக்கலாமா?" என்பவை அவருடைய கேள்விகள்.

கேட்டவை மூன்றானாலும் அவரை அரிப்பது மூன்றாவதுதான். அதற்கு விடை முதல் கேள்விக்குள் இருக்கிறது. பிரீமியம் எதனால் ஏறியது என்று பிரித்துப் பார்க்காமல் விடுவதா, வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியாது. நான் 31 ஆண்டுகள் பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி கிளெய்ம் மேசையில் கழிந்தது. ஓய்வு பெற்றபின் இராமநாதபுரத்தில் இருக்கிறேன். பாலிசி விற்பதில்லை, எவரிடமும் கமிஷன் வாங்குவதில்லை. உங்கள் பாலிசிப் பத்திரத்தை நான் பார்க்கவில்லை என்பதால், எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதிகளை உறுதியாகவும், உங்கள் பாலிசிக்கே உரியவற்றை ஊகமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. உண்மையான ஏற்றம் நீங்கள் நினைப்பதைவிடப் பெரியது. சென்ற மே மாதம் நீங்கள் கட்டிய 42,480 ரூபாயில் அடிப்படைப் பிரீமியம் 36,000. மீதி 6,480 ரூபாய் 18 சதவீத ஜிஎஸ்டி. தனிநபர் மற்றும் குடும்ப மருத்துவக் காப்பீட்டுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் முழுவதும் நீக்கப்பட்டது. ஆகவே இப்போது கேட்கும் 52,300 ரூபாயில் வரியே இல்லை. 36,000 ரூபாய் 52,300 ஆகியிருக்கிறது என்பதுதான் சரியான ஒப்பீடு. அது 45 சதவீத ஏற்றம். வரியோடு கட்டியதையும் வரியில்லாமல் கேட்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 23 சதவீதமாகத் தெரிகிறது. வரி நீங்கியதால் உங்களுக்கு மிச்சமாகியிருக்க வேண்டிய தொகை, ஏற்றத்துக்குள் சத்தமில்லாமல் கரைந்துவிட்டது. வரி நீங்கியபோது நிறுவனங்களுக்கும் ஒரு வசதி போயிற்று. வாடகை, மென்பொருள், கமிஷன் போன்றவற்றுக்குத் தாம் செலுத்தும் ஜிஎஸ்டியை முன்பு ஈடு செய்துகொண்டவர்கள் இப்போது அதைச் செலவாகவே ஏற்க வேண்டியிருக்கிறது. அதில் ஒரு பகுதி பிரீமியத்தில் ஏறியிருக்கலாம். ஆனால் 45 சதவீதத்துக்கு அது காரணமாகாது.

காரணம் பெரும்பாலும் உங்கள் தாயாரின் பிறந்தநாளில் இருக்கிறது. இது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். குடும்பத்துக்குச் சேர்த்து எடுக்கும் புளோட்டர் பாலிசிகளில் பொதுவாக மூத்த உறுப்பினரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படும். பல நிறுவனங்களின் கட்டண அட்டவணை ஐந்தைந்து வயதாகப் பிரிந்திருக்கும்: 56 முதல் 60, 61 முதல் 65, 66 முதல் 70 என்று. ஒரு படிக்குள் இருக்கும்வரை மெதுவாக ஏறும் கட்டணம், படி மாறும் ஆண்டில் தாவும். தாயாருக்கு 66 தொடங்கியதும் உங்கள் வீட்டில் நீங்களும் மனைவியும் பிள்ளைகளும் கூட அட்டவணையில் 66 வயதுப் படிக்கு ஏறிவிட்டீர்கள். சேர்த்து எடுத்தால் மலிவு என்று சொல்லித்தான் ஏஜென்ட் விற்றிருப்பார். தாயாருக்கு அப்போது 59, உங்களுக்கு 37 என்ற நிலையில் அது ஓரளவு உண்மையாகவும் இருந்திருக்கும்.

கிளெய்ம் வாங்கியதற்குத் தண்டனையா என்ற கேள்விக்கு "இல்லை" என்றே உறுதியாகச் சொல்லலாம். தனிநபர், குடும்பப் பாலிசிகளில் ஒருவர் கிளெய்ம் பெற்றார் என்பதற்காக அவருக்கு மட்டும் புதுப்பித்தலில் பிரீமியத்தைக் கூட்டவோ, புதுப்பிக்க மறுக்கவோ நிறுவனத்துக்கு உரிமையில்லை. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குச் சேர்ந்த போனஸ் தொகை குறையலாம், அது வேறு. அடுத்து, 2025 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், 60 வயதுக்கு மேற்பட்டோரின் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஆணையத்தைக் கலந்தாலோசிக்காமல் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் பாலிசியில் 66 வயதுடையவர் இருக்கிறார். ஆகவே இந்த 45 சதவீதத்தில் கட்டண விகிதத்தைத் திருத்தியதால் வந்தது எவ்வளவு, வயதுப்படி மாறியதால் வந்தது எவ்வளவு என்று தனித்தனியாகப் பிரித்து எழுத்தில் தரும்படி நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் சொல்வதை ஏற்காதீர்கள். விகிதத் திருத்தம் மட்டுமே 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரியிடமும், பதில் திருப்தியில்லையென்றால் ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் புகார் செய்ய உங்களுக்கு இடமிருக்கிறது.

உங்கள் வீட்டை விட்டு வெளியே வந்து பார்த்தால், எல்லோருக்குமே ஏறுகிறது. மருத்துவச் செலவு ஆண்டுக்கு 14 சதவீதம் கூடுகிறது என்று விளம்பரங்களிலும் செய்திகளிலும் அடிக்கடி வரும் எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை. அது காப்பீட்டு, தரகு நிறுவனங்களின் கணிப்புகளிலிருந்து வருவது. அரசின் நுகர்வோர் விலைக் குறியீட்டில் மருத்துவப் பிரிவு காட்டும் ஏற்றம் அதைவிட மிகக் குறைவு. இரண்டும் இரு வேறு பொருளை அளக்கின்றன. குறியீடு ஒரே மாத்திரை, ஒரே ஆலோசனைக் கட்டணம் எவ்வளவு கூடியது என்று பார்க்கிறது. காப்பீட்டு நிறுவனமோ ஓர் ஆளுக்குத் தான் கொடுத்த பணம் எவ்வளவு கூடியது என்று பார்க்கிறது. அதிகம் பேர் மருத்துவமனைக்குப் போவதும், விலை கூடிய புதிய சிகிச்சைகள் வருவதும் அதில் அடங்கும். மேசையில் நான் கண்ட இன்னொன்றும் உண்டு. காப்பீட்டு அட்டையோடு வருபவருக்கும் கையில் பணத்தோடு வருபவருக்கும் ஒரே அறுவைச் சிகிச்சைக்கு ஒரே மருத்துவமனை வெவ்வேறு பில் போடும். மருத்துவமனைகளின் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வைக்கும் அதிகாரம் காப்பீட்டு ஆணையத்திடம் இல்லை.

அதற்காக நிறுவனங்கள் பாவம் என்று சொல்ல வரவில்லை. 2023-24 ஆண்டுக்கான ஆணையத்தின் அறிக்கைப்படி, மருத்துவக் காப்பீட்டில் வரும் ஒவ்வொரு 100 ரூபாய் பிரீமியத்துக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் 100 ரூபாய்க்கு மேல் கிளெய்மாகக் கொடுத்திருக்கின்றன; மருத்துவக் காப்பீட்டை மட்டுமே விற்கும் தனி நிறுவனங்கள் சுமார் 65 ரூபாய் கொடுத்திருக்கின்றன. அந்தத் தனி நிறுவனங்கள் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை நிர்வாகச் செலவு செய்யலாம் என்று ஆணையத்தின் விதிமுறை அனுமதிக்கிறது. கமிஷனும் அதற்குள் வரும். நீங்கள் கட்டும் தொகையில் கணிசமான பங்கு மதுரை மருத்துவமனை வாசலுக்கே போவதில்லை. பொதுத்துறையின் கணக்கைப் பார்த்து அங்கே ஓடவும் வேண்டாம். கொடுப்பது அதிகம் என்றாலும் கோப்பு நகரும் வேகத்தை உள்ளே இருந்து பார்த்தவன் நான்.

இப்போது வங்கிக்கு வருவோம். ஆண்டுக்கு 52,300 ரூபாய் வீதம் 7 சதவீத வட்டியில் போட்டு வந்தால் பத்து ஆண்டு முடிவில் 7 லட்சத்துக்கு மேல் சேரும். கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, பத்தாண்டும் வீட்டில் ஒருவரும் மருத்துவமனையில் படுக்கவில்லையென்றால். முதல் ஆண்டில் கையில் இருப்பது 52,300 ரூபாய் மட்டுமே. மதுரையில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைக்கும் சிகிச்சை ஒன்றுக்கே அது போதாது. நீங்கள் சென்ற ஆண்டு பித்தப்பைக்குக் கிளெய்மாக வாங்கிய தொகையை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. ஏழு ஆண்டுகளாகக் கட்டிய பணம் திரும்பி வராது. ஆனால் அந்த ஏழு ஆண்டுக் காத்திருப்பு உங்கள் பெயரில் இருக்கிறது. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பாலிசியின் தொடக்க ஆண்டுகளில் பணம் தராத காத்திருப்புக் காலம், தாயாரின் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முடிந்துவிட்டது. தொடர்ந்து 60 மாதம் நடந்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, விண்ணப்பத்தில் எதையோ மறைத்தீர்கள் என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது; உங்களுக்கு அந்த 60 மாதமும் கடந்தாயிற்று. மே 20-க்குப் பின் விட்டுவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து மனம் மாறிப் போனால், 68 வயதில் சர்க்கரையோடு வருபவரைப் புதிதாக ஏற்பார்களா என்பதே சந்தேகம். ஏற்றாலும் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆகவே விட வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் இதே வடிவத்தில் தொடரவும் வேண்டாம்.

தாயாரைத் தனியே பிரியுங்கள். அதே நிறுவனத்தில் அவருக்கு ஒரு தனிநபர் பாலிசி, உங்கள் நால்வருக்கு ஒரு புளோட்டர் என்று இரண்டாக்கக் கேளுங்கள். நால்வரின் பாலிசி 44 வயதுப் படிக்கு இறங்கும். முதல் ஆண்டில் இரண்டின் கூட்டுத்தொகை 52,300-ஐ விடப் பெரிதாகக் குறையாமல் போகலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாயாரின் பாலிசி மட்டுமே கணிசமாக வரும். ஆனால் அவருக்கு 71 வயதாகும்போது நடக்கும் அடுத்த தாவல் அவருடைய பாலிசியோடு நிற்கும், உங்கள் நால்வரையும் இழுத்துக்கொண்டு போகாது. இன்னொரு நன்மை, தாயாரின் ஒரு நீண்ட சிகிச்சை மொத்த 5 லட்சத்தையும் தின்றுவிட்டால் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு ஒன்றுமில்லை என்ற நிலை வராது. பிரிக்கும்போது 2019 முதலான தொடர்ச்சி இரண்டு பாலிசிகளிலும் பத்திரத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். முதியோருக்கான தனித் திட்டம் என்று தந்தால் கோ-பே, அதாவது பில்லில் நீங்கள் ஏற்க வேண்டிய பங்கு, எவ்வளவு என்று பாருங்கள். 20 சதவீதம் என்றால் ஒவ்வொரு லட்ச ரூபாய் பில்லிலும் 20,000 உங்கள் கையிலிருந்து போகும்.

பிரீமியம் குறைகிறதே என்று அறை வாடகை வரம்புள்ள திட்டத்துக்கு மாறுவதைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும். 2022-இல் தேவிபட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர் என் மேசைக்கு வந்தார். 3 லட்ச ரூபாய் பாலிசி, அறை வாடகை வரம்பு ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய். மதுரையில் 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்திருக்கிறார். மொத்த பில் 2,40,000. அவர் டைரித் தாளில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்: நாளுக்கு 3,000 வீதம் ஐந்து நாளைக்கு 15,000 ரூபாய் என் பொறுப்பு, மீதியைக் கொடுங்கள் என்று. நிறுவனம் பிடித்ததோ 80,000 ரூபாய். அறை வாடகையில் 15,000 போக, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் ஆகிய 1,30,000 ரூபாயையும் அதே விகிதத்தில் பாதியாக்கினார்கள். பெரிய அறையில் இருப்பவருக்கு மருத்துவமனை எல்லாவற்றிலும் கூடுதலாக வாங்குகிறது என்பது இதற்குச் சொல்லும் நியாயம். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் சாதனங்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் இப்படி விகிதாசாரமாகக் கழிக்கக் கூடாது என்று ஆணையம் தடுத்திருந்ததால் மீதி தப்பியது. அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவன் நான்தான். விதிப்படி சரியான கடிதம். அவர் பாலிசி எடுத்த நாளில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை என்பதும் சரிதான். ஆகவே அறை வாடகை வரம்பு இல்லாத, அல்லது சாதாரணத் தனி அறை வரை அனுமதிக்கும் திட்டத்திலேயே இருங்கள். வரம்புள்ள திட்டம்தான் கட்டுபடியாகும் என்றால், மருத்துவமனையில் சேரும் நாளில் வரம்புக்குள் இருக்கும் அறையைக் கேட்டு வாங்குங்கள்.

செலவைக் குறைக்க இதைவிட நல்ல வழி, அடிப்படைப் பாலிசியின் தொகையைக் குறைத்துவிட்டுப் பெரிய செலவுக்குத் தனியே ஏற்பாடு செய்வது. நால்வருக்கான பாலிசியை 3 லட்சமாக்கிவிட்டு, 3 லட்சத்துக்கு மேல் போகும் செலவுக்குத் தனியாக ஒரு சூப்பர் டாப்-அப் எடுக்கலாம். பெரிய செலவு அரிதாக வருவது என்பதால் அதன் பிரீமியம் குறைவு. சூப்பர் என்ற சொல் விளம்பரச் சொல் அல்ல. சாதாரண டாப்-அப் ஒரே சிகிச்சை 3 லட்சத்தைத் தாண்டினால்தான் கொடுக்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டு முழுவதும் ஆன செலவைக் கூட்டிப் பார்க்கும். புதிதாக எடுக்கும் டாப்-அப்புக்குப் புதிய காத்திருப்புக் காலம் உண்டு. தாயாருக்கு இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். குறைத்த தொகையை 70 வயதில் மறுபடி கூட்டிக் கேட்டால் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், மறுக்கவும் செய்வார்கள்.

பத்திரத்தில் எந்த ஊர் முகவரி இருக்கிறது என்றும் பாருங்கள். பல நிறுவனங்கள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் வைக்கின்றன. பெருநகரங்களுக்குக் கூடுதல், நம்மைப் போன்ற மாவட்டங்களுக்குக் குறைவு. சென்னையில் இருக்கும் தம்பி வீட்டு முகவரியில் பாலிசி எடுத்துவிட்டு, கீழக்கரையிலும் தொண்டியிலும் இருந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் பெருநகரக் கட்டணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். குறைந்த மண்டலத்துக்கு மாறினால், பெருநகரத்தில் சிகிச்சை பெறும்போது ஒரு பங்கை நீங்கள் ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை சில திட்டங்களில் இருக்கும். நீங்கள் மதுரையோடு நிற்பவரா, சென்னைக்குப் போகக் கூடியவரா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

வேறு நிறுவனத்துக்கு மாறும் உரிமை 2011 முதல் இருக்கிறது. காத்திருந்த ஆண்டுகளும் கூடவே வரும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன் விண்ணப்பிப்பது பாதுகாப்பு என்பதால் ஏப்ரல் 5-க்குள் செய்துவிடுங்கள். புதிய நிறுவனம் தாயாரை மறுக்கலாம். உங்கள் நால்வரை மறுக்க அவ்வளவு காரணம் இருக்காது. புதிய பத்திரம் கைக்கு வரும்வரை பழையதை விடக் கூடாது. எங்கு மாறினாலும் இராமநாதபுரத்திலும் மதுரையிலும் எந்தெந்த மருத்துவமனைகளில் கேஷ்லெஸ், அதாவது நிறுவனமே நேரடியாக மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் வசதி, கிடைக்கும் என்ற பட்டியலை முதலில் பாருங்கள். மண்டபத்திலிருந்து மதுரை 150 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. நெஞ்சுவலி வந்த இரவில் பட்டியலைத் தேட முடியாது, முதல் சிகிச்சை இராமநாதபுரத்தில்தான் நடக்கும்.

மே 20 என்ற தேதியும் உங்களுக்குப் பகை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் கிடக்கும், வலைக்கும் மராமத்துக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் அரை லட்சம் கேட்டால் எவருக்கும் எரிச்சல் வரும். பாலிசியை விட்டவர்களில் பலர் யோசித்து விட்டவர்கள் அல்லர். கையில் பணமில்லாத மாதத்தில் விட்டவர்கள். மாதத் தவணையிலோ காலாண்டுத் தவணையிலோ கட்டும் வசதி பல நிறுவனங்களில் உண்டு, கேளுங்கள். ஆண்டுப் பிரீமியத்துக்குத் தேதி தாண்டியபின் 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறாது, ஆனால் கட்டாமல் இருந்த அந்த நாட்களில் வந்த நோய்க்குப் பணம் வராது. தவணையில் கட்டுபவருக்கு மாதத் தவணையென்றால் 15 நாள் அவகாசம். அந்த நாட்களில் பாதுகாப்பும் தொடரும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர முடியுமா என்று நீங்கள் கேட்கவில்லை. படகு உரிமையாளர் என்பதால் உங்கள் குடும்ப வருமானம் அதன் வரம்பான ஆண்டுக்கு 1,20,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். ஆனால் உங்கள் படகில் வரும் தொழிலாளர்களுக்கு இதைச் சொல்லுங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, பிரீமியமே இல்லாமல், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு அரசு மருத்துவமனைகளிலும் அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் கிடைக்கிறது. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். இந்த அட்டைக்குத் தகுதியுள்ள குடும்பத்திடம் போய் ஆண்டுக்கு 20,000 ரூபாய் பாலிசியை விற்கும் ஏஜென்ட்களைப் பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கண்டு மனம் கசந்திருக்கிறேன். மீனவர் குழு விபத்துக் காப்பீடு இருக்கிறதே, பிறகு எதற்கு இது என்று கேட்பவர்களும் உண்டு. அது விபத்துக்கு மட்டும், சர்க்கரைக்கும் இதயத்துக்கும் வராது.

வருமான வரி கட்டுபவராக இருந்தால், பழைய வரி முறையில் உங்கள் குடும்பத்தின் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரையும், மூத்த குடிமகளான தாயாரின் பிரீமியத்துக்குத் தனியே 50,000 வரையும் கழிவு உண்டு. புதிய முறையில் இந்தக் கழிவு இல்லை.

மாற்றிய பின் உங்களுக்கு எவ்வளவு வரும் என்று என்னால் இங்கிருந்து சொல்ல முடியாது. நிறுவனத்தின் அட்டவணைதான் சொல்லும். இந்த வாரமே மின்னஞ்சலில் மூன்றைக் கேளுங்கள்: ஏற்றத்தின் பிரிப்புக் கணக்கு, தாயாரைப் பிரித்தால் இரண்டு பாலிசிகளுக்கும் ஆகும் பிரீமியம், மண்டபம் முகவரிக்குரிய மண்டலக் கட்டணம். பதில் வந்ததும் பெயர்களையும் பாலிசி எண்ணையும் மறைத்துவிட்டுப் பத்திரத்தின் முதல் பக்கத்தையும் கட்டண அட்டவணையையும் பகிர்ந்தால், எந்தச் சேர்க்கை உங்களுக்குக் கட்டுபடியாகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.